இடது ஆணியில் மாட்டிய லீவு

மரக்காணம்
8-2-1988

அன்புள்ள திரு. தட்சணாமூர்த்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் ஆறு விஷயங்கள் எழுதுகிறேன். தேவையானதை மட்டும் நீங்கள் படித்துக்கொள்ள வசதியாக வரிசையை முதலிலேயே தருகிறேன்.

1. ஏன் எழுதுகிறேன்
2. பதிவில் இருக்க வேண்டிய கட்டங்கள்
3. லீவு வகைகள்
4. எது விண்ணப்பம், எது அல்ல
5. பத்து நாள் விதி
6. பழைய விஷயம் ஒன்று, ஒரே வரியில்

முதலாவது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்திருப்பதாகவும், உப்பளத் தொழிலாளர்களின் லீவுக் கணக்கை முதலில் அதில் ஏற்றப் போவதாகவும், அந்த வேலை உங்களுடையது என்றும் மேனேஜர் எழுதியிருந்தார். இங்கே டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடமாக லீவு நோட்டு எழுதுகிறவன் நான். அதனால் விவரங்களை நான்தான் தர வேண்டுமாம். நமக்குள் பதினேழு வருடமாக அலுவலகக் கடிதம் தவிர வேறு போக்குவரத்து இல்லை. இதை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது. மொத்தம் 186 பேர். ஒவ்வொருவருக்கும் டோக்கன் எண், பெயர், பிரிவு, சேர்ந்த தேதி. ஒவ்வொரு லீவுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி, வகை, விண்ணப்பம் வந்த தேதி. ஆக எட்டுக் கட்டங்கள். கட்டம் என்பதுதான் சரியான சொல்லா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது. சம்பள லீவு, சம்பளமில்லா லீவு, நோய் லீவு, பிரசவ லீவு. அரை நாள் லீவு கிடையாது. காலை நாலரைக்கு உப்புப் பாத்தியில் இறங்குகிறவர்களுக்குப் பதினோரு மணிக்கே நாள் முடிந்துவிடுகிறது.

நான்காவது. ஆணிப் பலகை உங்களுக்கே தெரியும், நீங்களும் இங்கே வேலை பார்த்தவர்தானே. வேலைக்கு வருகிறவள் தன் பித்தளை டோக்கனை வலது ஆணியில் மாட்டுவாள். வர முடியாதவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் டோக்கனைக் கொடுத்தனுப்புவாள். அது இடது ஆணியில் தொங்கும். அவள் திரும்பி வந்ததும் நான் விண்ணப்பத்தாள் எழுதி, டோக்கன் வந்த நாளையே தேதியாகப் போட்டு, கைநாட்டு வாங்கிக்கொள்வேன். இது முன்தேதி இடுவதுதான் என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை. ஆகவே, இடது ஆணியைப் பதிவில் சேர்க்க வேண்டாம். எழுத்தில் வந்ததே விண்ணப்பம்.

ஐந்தாவது. தொடர்ந்து பத்து வேலை நாள் விண்ணப்பமின்றி வராதவர் பெயர் கம்பெனி நிலையாணைப்படி பட்டியலிலிருந்து நீங்கும்.

ஆறாவது. 1971 ஆகஸ்டில் நீங்கள் வராத அந்த நான்கு நாட்கள். உங்கள் தகவலை யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்.

இதில் பிழை இருக்கலாம். இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள்,
அஹமது கபீர்


சென்னை
15-2-1988

கபீர் பாய் அவர்களுக்கு,

கடிதமும் கோடு போட்ட தாள்களும் கிடைத்தன. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நீங்கள் மாறவில்லை.

எட்டுக் கட்டங்களும் ஒரே இடத்தில் இருக்காது. ஆட்களுக்கு ஒரு கோப்பு, லீவுகளுக்கு இன்னொரு கோப்பு. ஒருத்தி வருடத்தில் ஒன்பது முறை லீவு போட்டால் முதல் கோப்பில் அவளுக்கு ஒரு வரி, இரண்டாவதில் ஒன்பது வரி. இரண்டையும் கட்டிப் போடுவது டோக்கன் எண். அதனால் எண்ணில் மட்டும் தவறு வரக் கூடாது. பெயரில் வந்தால் பரவாயில்லை. எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும்.

மாலை வகுப்பில் மூன்று மாதம் கற்றுக்கொண்ட டிபேஸ் புரோகிராமை வைத்துத்தான் செய்கிறேன். முப்பத்தொன்பது வயதில் இருபது வயதுப் பெண்களோடு உட்கார்ந்து படித்தேன். அவர்கள் என்னை "அங்கிள்" என்றார்கள்.

சனிக்கிழமைதோறும் வாரத் தாளை உப்பு லாரியில் அனுப்பிவிடுங்கள். டிரைவர் சிங்காரம் வாங்கிக்கொள்வார். நான் ஏற்றி, பிரிண்ட் எடுத்து, செவ்வாய்க்கிழமை அதே லாரியில் திருப்பி அனுப்புகிறேன்.

நான்கையும் ஐந்தையும் நீங்கள் எழுதியபடியே போடுகிறேன். ஒரு புள்ளி மாற்ற மாட்டேன். உங்கள் கையெழுத்து இருக்கும் அந்தத் தாளை ஃபைலில் வைத்திருக்கிறேன்.

ஆறாவது: படித்தேன்.

ஆர். தட்சணாமூர்த்தி


மரக்காணம்
2-3-1988

அன்புள்ள தட்சணாமூர்த்தி அவர்களுக்கு,

186 அட்டைகள் சிங்காரத்திடம் கொடுத்திருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறை பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது.

டோக்கன் 61. அது கொளஞ்சியம்மாளின் தாயாருடையது. அவர் இறந்ததும் மகளுக்கு வேலை கொடுத்தோம், டோக்கனும் அப்படியே மகளிடம் போயிற்று. இப்படி இன்னும் பதினொரு பேர். ஒரே எண்ணில் இரண்டு பேரின் லீவு சேர்ந்துவிடும் அல்லவா? புது எண் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கம்மா நம்பர எதுக்கு மாத்தணும் பாய்?"

"கம்ப்யூட்டர் குழம்பிப் போயிடும்மா."

"அது குழம்பினா எனக்கு என்ன? அது என்ன எங்கூட்டு மருமவனா, கோச்சிக்கப் போவுதுன்னு பயப்படறதுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கேள்வியே தவறோ என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பஷீரா சொல்கிறாள்: "ரிட்டயர் ஆன மனுஷன் பேரப்புள்ளைய கொஞ்சுவான். நீங்க என்னடான்னா நம்பரக் கொஞ்சிகிட்டு இருக்கீங்க." அவளுக்கு எப்படிச் சொல்வது? ஓய்வுக்குப் பிறகு கம்பெனி வருடத்துக்கு ஒரு முறை எனக்கு நீட்டிப்பு தருகிறது. இந்த ஜூன் முப்பதோடு இப்போதைய நீட்டிப்பு முடிகிறது. இந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் சரியாகச் செய்தால் இன்னொரு வருடம் கிடைக்கலாம்.

61 பற்றி உங்கள் முடிவைத் தெரிவிக்கவும்.

அஹமது கபீர்


சென்னை
16-4-1988

கபீர் பாய்,

கொளஞ்சியம்மாளுக்கு 61 இருக்கட்டும். தாயாரின் பழைய லீவுகளை 961 என்று மாற்றிவிட்டேன். செத்தவர்கள் வாதாட மாட்டார்கள்.

கணக்கு ஓடுகிறது. மேனேஜர் வந்து பார்த்து, எந்த டோக்கனைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் வருகிறதே என்று தோளில் தட்டினார். வேலை முடிந்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். முதுகுவலிதான் வந்தது. 186 பேரையும் நானே தட்டி ஏற்றியிருக்கிறேன். கண்ணை மூடினால் திரையின் பச்சை எழுத்து.

அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது என்று காலண்டரில் பார்த்தேன். வெயிலில் பார்த்து இருங்கள். இது அலுவலகக் கடிதத்தில் எழுதும் விஷயமல்ல. எழுதிவிட்டேன்.

ஆர். தட்சணாமூர்த்தி


மரக்காணம்
8-6-1988

அன்புள்ள தட்சணாமூர்த்தி அவர்களுக்கு,

நேற்று வந்த பிரிண்டில் டோக்கன் 114 இல்லை. 113க்கு அடுத்து 115 வருகிறது. கீழே "நீக்கப்பட்டவர்: 1" என்று இருக்கிறது.

114 சவரியம்மாள்.

அவள் மகளுக்குப் பிரசவமாகிக் காய்ச்சல் கண்டு, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மே 20ஆம் தேதி காலை அவள் நாத்தனார் டோக்கனைக் கொண்டுவந்து தந்தாள். நான்தான் என் கையால் இடது ஆணியில் மாட்டினேன். அந்த வாரத் தாளில் "விண்ணப்பம் இல்லை" என்று எழுதினேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மொத்தம் பதினான்கு வேலை நாள். எழுதும்போதெல்லாம், அவள் வந்ததும் தாள் எழுதிச் சரிசெய்து கொள்ளலாம் என்றே என் மனத்தில் ஓடியது. பழைய நோட்டு என் மேஜையில் இருக்கும், அதில் சரிசெய்யலாம். இந்தத் தாள் சனிக்கிழமையே சென்னைக்குப் போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். விதியைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கை மட்டும் பழைய வழக்கத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வந்து வேலை செய்தாள். விண்ணப்பத்தாளில் கைநாட்டும் வைத்தாள். செவ்வாய்க்கிழமை பிரிண்ட் வந்ததும் மேஸ்திரி மாயவன் அவளைப் பாத்தியிலிருந்து கூப்பிட்டு அனுப்பிவிட்டார். கால் முழுக்க உப்புத் தண்ணீரோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"பாய், என் பேரு இல்லைன்னு மேஸ்திரி சொல்றாரு."

"கம்ப்யூட்டர்ல வரலம்மா."

"டோக்கன் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அப்போ நான் சொல்லிட்டுத்தானே போனேன்? புள்ள ரத்தமா கெடக்குறா, அவள வுட்டுட்டு நான் பேப்பரு பேனா தேடணுமா? உங்களுக்குத் தெரியும்ல நான் எங்க போனேன்னு?"

"தெரியும்."

"அப்போ அதுகிட்ட சொல்லுங்க."

அவள் நிரந்தரத் தொழிலாளி. இங்கே சேர்ந்து பதினெட்டாவது வருடம். பெயர் நீங்கினால் இத்தனை வருடமும் போய்விடும், திரும்ப எடுத்தாலும் கூலிக்கு வருகிற புது ஆளாகத்தான். மகளும் கைக்குழந்தையும் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அவள் பெயரை மட்டும் நீங்கள் அங்கே திரும்பச் சேர்த்துவிட முடியுமா? யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அஹமது கபீர்


சென்னை
11-6-1988

கபீர் பாய்,

யாருக்கும் தெரியாமல் சேர்க்க முடியாது. நீக்கப்பட்டவர் பட்டியல் அச்சாகி மேனேஜர் மேஜையில் இருக்கிறது. ஜூலை முதல் தேதி அதில் கையெழுத்தாகும்.

114 என்றதும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் தட்டி ஏற்றிய பெயர்தான். ஏற்றும்போதே எந்தச் சவரியம்மாள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒரு வரியில் முடித்ததை நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். 1971 ஆகஸ்டில் அப்பாவுக்கு முடியவில்லை என்று பண்ருட்டியிலிருந்து தந்தி வந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது எதிரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் சவரியம்மாள். "கபீர் பாயிடம் சொல்லிடு" என்றேன். "சொல்லிடறேன், நீ போ" என்றாள். அவளும் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான். நான் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது நோட்டில் நான்கு நாளும் சிவப்பு மை. எனக்கு மெமோ. வேலை உறுதியாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைக்கூட மறந்திருப்பேன். அன்றைய மேனேஜர் உங்களையும் அவளையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டாரே, அதை மறக்க முடியவில்லை. அவள் சொன்னேன் என்றாள். நீங்கள், யாரும் வந்து சொல்லவில்லை என்றீர்கள். பொய் சொன்னதற்காக அவளை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது என் பங்கு. பிப்ரவரியில் உங்கள் நான்காவது விதியைப் படித்ததுமே இது யாரையாவது பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது. இடது ஆணியை விட்டுவிட்டால் அங்கே பாதிப் பேருக்கு லீவே கிடையாது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதினவர் நீங்கள், கீழே உங்கள் கையெழுத்து, அது ஒரு நாள் உங்கள் முன் வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். அது போய் அவள் முன் நின்றிருக்கிறது.

லீவுக் கோப்பில் "சொல்லியனுப்பியது" என்று ஒரு கட்டம் சேர்க்க எனக்கு இருபது நிமிடம் போதும். டோக்கன் வந்த தேதியை அதில் போட்டால் பத்து நாள் விதி அவளைத் தொடாது. ஆனால் விதி உங்களுடையது. அது தவறு என்று நீங்கள் எழுத்தில் கொடுக்காமல் என்னால் தொட முடியாது.

ஆர். தட்சணாமூர்த்தி


மரக்காணம்
20-6-1988

அன்புள்ள தட்சணாமூர்த்தி அவர்களுக்கு,

ஒன்பது நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

எழுதிக் கொடுத்தால் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இடது ஆணி என்று ஒன்று இத்தனை காலம் இருந்ததா? ஆம். முன்தேதி போட்டீர்களா? ஆம். எத்தனை வருடம்? முப்பத்தொன்று. இதன் பிறகு நீட்டிப்பு எங்கே வரும்? நீட்டிப்பு போனாலும் போகட்டும், முப்பத்தொரு வருட நோட்டும் பொய் என்று ஆகிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். ஒரு தேதிகூட நான் என் லாபத்துக்காக மாற்றியதில்லை. இதை யார் நம்புவார்கள்?

பொதுவாக ஒரு யோசனை. நான்காவது விதி தவறு என்று சொல்லாமல், "மேலும் தெளிவுபடுத்தலாம்" என்று எழுதினால் போதாதா? அல்லது தொழிலாளர்களே ஒரு மனு கொடுத்தால் என்ன?

சவரியம்மாள் தினமும் காலையில் வருகிறாள். வலது ஆணியில் டோக்கனை மாட்ட மாயவன் விடுவதில்லை. ஜன்னலுக்கு எதிரே மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணிக்குப் போய்விடுகிறாள், குழந்தைக்கு அவள்தான் பால் கலக்க வேண்டுமாம். நான் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்கவில்லை, திறந்தால் அவள்.

உங்கள் தகப்பனார் விஷயம் பற்றி ஏற்கெனவே எழுதியதுதான்.

அஹமது கபீர்


சென்னை
24-6-1988

பாய்,

"மேலும் தெளிவுபடுத்தலாம்" என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் இல்லை. ஆம் அல்லது இல்லை, இரண்டுதான் உண்டு.

கையெழுத்து ஜூலை முதல் தேதி, வெள்ளிக்கிழமை காலை. வியாழக்கிழமை மாலைக்குள் உங்கள் கடிதம் வந்தால் அன்றே கட்டத்தைச் சேர்த்து, புதுப் பட்டியல் அச்சடித்து மேஜையில் வைப்பேன். தெரிந்தே அந்த விதியை அப்படியே ஏற்றினேன் என்று நானும் எழுதிக் கொடுக்கிறேன். அதை ஏற்கெனவே டைப் அடித்து வைத்துவிட்டேன். உங்களுடையதோடு சேர்த்துத்தான் கொடுக்க முடியும்.

கோபமெல்லாம் போய்விட்டது. அசதிதான் மிச்சம்.

தட்சணாமூர்த்தி


மரக்காணம்
29-6-1988

அன்புள்ள தட்சணாமூர்த்தி,

சிங்காரம் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு, "பாய், தார்ப்பாய் கட்டி முடிக்கற வரைக்கும்தான் டைம், சொல்லிட்டேன்" என்கிறார். இந்த ஒரு தடவை நான் சரிபார்க்காமல் அனுப்புகிறேன்.

மேனேஜருக்கான கடிதம் இத்துடன் இருக்கிறது. நான்காவது விதி தவறு என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். ஆணிப் பலகை, கைநாட்டு, முன்தேதி எல்லாமே இருக்கின்றன. எதையும் தெளிவுபடுத்தவில்லை, ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலில் இரண்டு பக்கம்தான் இருந்தது.

நேற்று காலை அவளை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். அவளைப் பற்றியது என்பதால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினேன். மாயவனும் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் அவள் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கேட்டது வேறு.

"இதுல அந்தத் தம்பி விஷயம் எங்க?"

"எந்தத் தம்பி?"

"தெரியாத மாதிரி கேக்காத. அப்பா செத்து மொட்டையோட வந்துச்சே, அது."

அவள் என்னை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"அது பழசும்மா. உன் பேரு வரதுக்கு இது போதும்."

"பேரு வரும். அன்னிக்கி எல்லார் எதிர்லயும் என்னைப் பொய்க்காரின்னு ஆக்கிட்டியே, அது போவுமா? இன்னிக்கும் நான் ஒண்ணு சொன்னா, மெய்யாவாடின்னு கேட்டுட்டுத்தான் நம்பறாளுங்க. நீ சொல்லு பாய். நான் வந்து சொன்னனா, சொல்லலியா?"

மாயவன் என்னைப் பார்த்தார். வெளியே கூடையோடு போன நான்கைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"சொன்ன," என்றேன்.

"அத எழுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவது பக்கம் அதன் பிறகு எழுதியது. அதில் உள்ளதை உங்களுக்கும் தனியாக எழுத வேண்டும்.

அன்று காலை நாலேகால் மணி இருக்கும். நான் மை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் இதே ஜன்னலில் வந்து, "தட்சணா தம்பி ஊருக்குப் போயிருக்குது, அவங்கப்பாக்கு முடியலையாம், உங்களாண்ட சொல்லச் சொல்லுச்சு" என்றாள். சரி என்று தலையசைத்தேன். நோட்டில் எழுத மறந்தேன். அவ்வளவுதான், மறதிதான். ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்து, யாரைக் கேட்டு லீவு கொடுத்தாய் என்று மேஜையைத் தட்டினார். யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு முறை சொன்னதை, எதிரெதிரே நிறுத்திக் கேட்டபோது மாற்றத் தைரியம் வரவில்லை. பிறகு அதையே சொல்லிச் சொல்லி, அப்படித்தான் நடந்தது என்று நானே பாதி நம்பிவிட்டேன். மீதிப் பாதி எனக்கு எப்போதும் தெரியும்.

நாளையோடு என் நீட்டிப்பு முடிகிறது. புதிய உத்தரவு வரவில்லை, வராது என்று நினைக்கிறேன். பஷீராவிடம் சொன்னேன். "பதினேழு வருஷமா இத வயித்துல வச்சிகிட்டா சோறு தின்னீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சாப்பாடு மட்டும் போட்டாள்.

அந்தக் கட்டத்தை மறக்காமல் சேர்த்துவிடவும். டோக்கன் 114, சொல்லியனுப்பிய தேதி 20-5-1988.

சிங்காரம் ஹார்ன் அடிக்கிறார். பிப்ரவரி எட்டாம் தேதிக் கடிதத்தில் ஆறாவதாக நான் எழுதியது தவறு. அவள் வந்து சொன்னாள்.

கபீர்